பத்தாவது பிள்ளை

1934 ஜனவரி 8, திங்கள். ஜொகூர் பாரு.

பதினான்காவது விண்ணப்பம் இன்று தபாலில் போனது. “கனம் பொருந்திய மானேஜர் துரையவர்கள் சமூகத்திற்கு” என்று தொடங்கி, “தங்கள் பணிவுள்ள ஊழியன் லெட்சுமணன்” என்று முடித்தேன். நடுவில் ஐந்து வருஷ ஆசிரியர் அநுபவம், நல்லொழுக்கம், குடிப்பழக்கம் இல்லாமை. குடிப்பதில்லை என்று இதுவரை பதினான்கு துரைமார்களிடம் சத்தியம் செய்தாகிவிட்டது. அதை அவர்கள் கிளப்பில் உட்கார்ந்து, கையில் கிளாஸோடு படித்திருப்பார்கள்.

இந்தத் தடவை புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: “கூலி வேலை எக்காலத்திலும் செய்தவனல்லன்.” அழகாக இருந்தது. மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷம், சிகாமட் பக்கத்தில் நான் பாடம் சொன்ன தோட்டத்துப் பிள்ளைகளைப் பெற்றோரோடு கப்பலேற்றி நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இல்லாத பள்ளிக்கு வாத்தியார் எதற்கு? மூன்று வருஷமாகிறது. அமானுல்லா பாயின் சாப்பாட்டுக் கடை மாடியில் படுக்கிறேன். அதற்குப் பதிலாக அவருடைய ஊர்க் கடிதங்களை எழுதிக் கொடுக்கிறேன்.

“வாத்தியாரே, இவ்வளவு அழகா எழுதுறீங்களே, எந்தத் துரைக்காவது தமிழ் தெரியுமா?” என்றார் பாய்.

“கிராணி படித்துச் சொல்வார்.” கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. துரைக்குக் கண்ணும் காதும் அவர்தான்.

“அந்தக் கிராணிக்கு ஒரு மச்சான் இருந்தா?”

கோப்பியைக் குடித்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 11

பதில் இல்லை. தபால்காரன் இப்போதெல்லாம் கடைவரைக்கும் வருவதில்லை. தெருமுனையிலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

ஜனவரி 19

தெப்ராவ் பக்கத்தில் ஒரு தோட்டம் நேரில் வரச் சொன்னது. கோட்டை வெளுத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

முதலில் பெரிய கங்காணி. ஆசிரியர் வேலையை விவரித்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஆள்கள் அணிவகுக்கும் பெரட்டில் நின்று பேர் கூப்பிடவேண்டும். பிறகு செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டை எழுதவேண்டும். வெட்டுக்காயம் பட்டவர்களுக்கு மருந்து போடவேண்டும். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் விளக்கு வைத்து ஒரு பாட்டுப் பாடவேண்டும். ஆள்களுக்கு ஊர்க் கடிதம் எழுதவேண்டும். மத்தியானம் நேரமிருந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாமாம்.

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். பாட்டுக்கும் சரி என்றேன்.

“நீங்க என்ன ஆளுங்க?” என்றார்.

“வாத்தியார் ஆளுங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கவேண்டும்.

பிறகு துரை. தடித்த மனிதர். ஏதோ கேட்டார், நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். நாலே வாக்கியம்தான், பிழையில்லாத வாக்கியம். அவர் கங்காணியைப் பார்த்தார், கங்காணி என் கோட்டைப் பார்த்தார். முடிந்தது. கூலிகள் நடுவே இங்கிலீஷ் பேசுகிறவனை விட்டால் நாளைக்கு மனு எழுதிக் கொடுப்பான் என்று துரை சொன்னதாக வாசலில் நின்ற மண்டோர், ஆள் மேய்க்கிற மேஸ்திரி, சொன்னான். மூன்று வருஷமாக நான் மனுவைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை என்பது துரைக்கு எப்படித் தெரிந்தது?

பிப்ரவரி 2

பாய் தொண்டையைக் கனைத்தபோதே தெரிந்துவிட்டது. அவர் சம்சாரத்தின் தம்பி முனீர் ராமநாதபுரத்திலிருந்து வருகிறான். அடுத்த மாதக் கப்பல். மாடி அவனுக்கு வேண்டும்.

“நான் உங்களை எறக்கி விடலே வாத்தியாரே. கல்லாவுக்குப் பக்கத்துல நின்னு கோப்பி ஆத்துங்க, கீழேயே படுத்துக்கலாம்.”

நல்ல மனிதர். மனசாரச் சொன்னார். ஆனால் என் பழைய மாணாக்கன் எவனாவது கடைக்கு வந்து “சார், ஒரு கோப்பி” என்று கேட்டால்? வேண்டாம். செத்தாலும் வாத்தியாராகச் சாகிறேன். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, இருந்தாலும் அடிக்க மனசில்லை.

பிப்ரவரி 9

லேபர் ஆபீஸ் எழுத்தர் ஒருவர் கடையில் சாப்பிடுகையில் ஒரு செய்தி சொன்னார். பள்ளி வயதுப் பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் இருந்தால், பள்ளிக்கூடம் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம். பள்ளி வயதென்றால் ஏழிலிருந்து பதினாலு. அதனால் சில தோட்டங்களில் எப்போதும் ஒன்பது பேர்தான் இருக்கிறார்களாம். கூலாய் பக்கம் இருபத்திரண்டாம் கட்டைத் தோட்டத்தில் (கட்டை என்றால் மைல்) ஆறு வருஷமாக ஒன்பது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதுநாள்வரை இருக்கிற வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். இல்லாத வேலையை உண்டாக்கினால் என்ன?

பிப்ரவரி 14

இருபத்திரண்டாம் கட்டைக்குப் போய்வந்தேன். கிராணி ஜெயபாலன் வெற்றிலை போட்ட வாயோடு உட்காரச் சொன்னார். செக்ரோலையே திருப்பிக் காட்டினார், ஒளிவுமறைவில்லாத மனிதர். கணக்கில் காட்டிய ஒன்பது பேரைத் தவிர, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு வயதை எட்டினதும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் காலையில் பதினைந்து வயதோடு எழுந்து ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறார்கள். ஆள்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் மீசை அரும்பிய ஓர் ஆறு வயதுக்காரன் தண்ணீர் சுமந்துகொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன்.

“என்ன சார் செய்றது, யாருக்கும் பொறந்த சூராட்டு கெடையாது. நான் எழுதுறதுதான் வயசு” என்றார். சூராட்டு என்றால் பிறப்புப் பத்திரம்.

“பத்திரத்தோடு ஒரு பிள்ளை வந்தால்?”

பெரிதாகச் சிரித்தார். “கொண்டாங்க சார்! பத்தாவது பிள்ளையைக் கொண்டாந்தா நீங்கதான் வாத்தியார். கையடிச்சுத் தர்றேன்.” கையடித்தும் கொடுத்தார். என் உள்ளங்கையில் சுண்ணாம்பு.

பிப்ரவரி 17

ஒரு வாத்தியார் பிள்ளை பிடிக்கிறவனாக அலைகிறான். கூலாய் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மூன்று குடும்பத்தைக் கேட்டேன். ஒருத்தி என்னைக் கண்டதும் மகனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

பிப்ரவரி 25

கூலாய் ரயிலடியில் புட்டு விற்கிற அங்கம்மாவுக்கு ஒரு மகள், வெள்ளையம்மா. வயது ஏழு முடிந்து இரண்டு மாதம். பத்திரம் இருக்கிறது! செத்துப்போன புருஷன் எதிலும் கறாரான மனிதனாம், பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய்ப் பதிந்து வாங்கியிருக்கிறான். தகர டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினாள். நான் அதை இரண்டு கையாலும் வாங்கினேன்.

அவளுக்குப் பால்வெட்டுத் தெரியும். தோட்டத்துக்குத் திரும்பிப் போக ஆசைதான், ஆனால் புருஷன் இல்லாத பெண்ணுக்கு லயத்தில் அறை தரமாட்டார்கள். காய்ச்சலில் அவன் போன மறுவாரமே இவளை அறையிலிருந்து இறக்கிவிட்டார்களாம்.

அவளுக்கு ஓர் ஆண் வேண்டும், எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். விஷயத்தை விண்ணப்பம் மாதிரியே வரிசையாக எடுத்துச் சொன்னேன். அநுபவம், ஒழுக்கம், குடிப்பதில்லை.

பாதிப் புட்டை விற்று முடித்தாள். அப்புறம், “வாத்தியார் வேலை கெடைச்சாத்தான் நான் பொண்டாட்டியா, கெடைக்காட்டியும் பொண்டாட்டியா? அதை மொதல்ல சொல்லுங்க” என்றாள்.

பதினான்கு விண்ணப்பத்தில் ஒருவரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. “கிடைக்காவிட்டாலும்” என்றேன். எப்படியும் கிடைக்கத்தானே போகிறது என்ற தைரியம்.

மார்ச் 4

கூலாய் கோயிலில் தாலி கட்டினேன். பாய் பிரியாணி அண்டாவோடு வந்தார். “வேலைக்காகக் கல்யாணம் பண்ணின முத ஆளு நீங்கதான் வாத்தியாரே” என்று காதில் சொன்னார். வெள்ளையம்மா என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 6. இருபத்திரண்டாம் கட்டை.

ரப்பர் விலை ஏறுகிறது, ஆள் பற்றாக்குறை. ஜெயபாலன் எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். ஒரு சின்னச் சிக்கல்தான். லயத்தில் அறை தரவேண்டுமானால் புருஷன் பேரும் செக்ரோலில் ஏறவேண்டும்.

“பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும்தான் சார். பேருக்குப் புல்வெட்டுன்னு போட்டுக்குவோம். பேனாவால வெட்டுங்க!”

நானும் சிரித்தேன். கையெழுத்தும் போட்டேன், அழகாக, வால் சுழித்து. அவர் பெருவிரல் ரேகைக்காக மைத்தகட்டை எடுத்து வைத்திருந்தார்.

மார்ச் 8

பேனாவால் வெட்டவில்லை. லாலான் புல்லைப் பேனாவால் வெட்ட முடியாது.

மார்ச் 21

உள்ளங்கை இரண்டும் கொப்புளம். அங்கம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள், ஒரு வார்த்தை கேலி இல்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

ஜெயபாலன் ஜனவரி… இல்லை, பிப்ரவரியில் “சார்” என்றார். மார்ச் ஆறாம் தேதி வரை “நீங்க.” இன்று பெரட்டில் “லெட்சுமணா, டேய், பின்னாடி நில்லு.” பேர் பதிந்து பதினைந்தே நாள். ரப்பர் விலைகூட இத்தனை வேகமாக விழவில்லை.

ஏப்ரல் 17

லேபர் ஆபீஸ் துரை வந்தார்! எல்லாரையும் நிற்கவைத்து எண்ணினார். ஆறு வயதுக்காரர்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள், குனிந்தால் வயது தெரியாதாம். வெள்ளையம்மா நிமிர்ந்து நின்று பத்திரத்தை நீட்டினாள். லேபர் துரை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பத்து. மூன்று மாதத்துக்குள் பள்ளிக்கூடம் திறக்கவேண்டும் என்று உத்தரவு எழுதிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கோட்டை எடுத்து வெயிலில் போட்டேன்.

ஏப்ரல் 18

கோட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஆபீசுக்குப் போய், வெளியே நின்று, கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். ஜெயபாலன் தலையே நிமிரவில்லை. “துரை சம்மதிக்கமாட்டார்டா. செக்ரோல்ல புல்வெட்டுன்னு இருக்கிற ஆளை வாத்தியார்னு எப்படிப் போடுறது? கூலி கூலிதான். நாளைக்கு எல்லாப் பயலும் பேனா கேப்பான்.”

“நீங்கள்தானே பதியச் சொன்னீர்கள்?”

“நீதானே கையெழுத்துப் போட்டே.”

போட்டேன். வால் சுழித்துப் போட்டேன். படுபாவி, படிச்ச மூதேவி, உனக்கு எதுக்குடா அந்தக் கையெழுத்து?

அங்கம்மா விஷயம் கேட்டுவிட்டு, “சரி, சாப்பிடுங்க” என்றாள். கிடைக்காவிட்டாலும் பொண்டாட்டி. வாக்கைக் காப்பாற்றுகிறவள் அவள்தான்.

மே 7

வாத்தியார் வந்து இறங்கினார். மனோகரன். சிங்கப்பூரில் ஏழாவது வரை படித்தவர், டை கட்டுகிறார். ஜெயபாலனுடைய மச்சான். அமானுல்லா பாய்க்கு ஒரு கார்டு எழுதவேண்டும்.

ஜூன் 12

பழைய சாமான் கொட்டகையில் பள்ளி. வெள்ளையம்மாவிடம் இன்று என்ன பாடம் என்று கேட்டேன். “வாத்தியார் தூங்கினாங்க. முழிச்சப்புறம் குளிக்கத் தண்ணி எடுத்தோம்.” நேற்று? “சட்டைக்கு இஸ்திரி போடக் கரி பொறுக்கினோம்.”

மனோகரனைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை உண்டா? அவர் கேட்ட வேலை இல்லை இது. மச்சான் சொன்னாரே என்று வந்தார். தினம் சாயங்காலம் ரோட்டில் நின்று சிங்கப்பூர் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளையம்மாவுக்கு அடுப்பு வெளிச்சத்தில் நான் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன். அவளோடு இரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். துரத்தவில்லை.

ஜூன் 30

சாஆ தோட்டத்திலிருந்து கடிதம்! நவம்பரில் போட்ட விண்ணப்பத்துக்கு ஜூன் கடைசியில் பதில். பாய் வாங்கி அனுப்பியிருக்கிறார். ஆசிரியர் வேலை, தனி வீடு, ஆகஸ்டு முதல் தேதி வந்து சேரவேண்டும். “மகா-ள-ஸ்ரீ லெட்சுமணன் அவர்கள்” என்று என் பேரை எழுதியிருக்கிறார்கள். ‘அவர்கள்’! புல்வெட்டுக் கத்தியை வீசிவிட்டு நாலு தடவை படித்தேன்.

ஜூலை 1

அங்கம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று நினைத்தேன்.

“புள்ளையையும் கூட்டிக்கிட்டா?”

“பின்னே?”

“இவ போயிட்டா இங்க ஒம்போது.”

அதை நான் யோசிக்கவே இல்லை. நானல்லவா எண்ணிப் பார்த்தவன்! ஒன்பதானால் மறுநாளே கொட்டகைக்குப் பூட்டு. அந்த ஒன்பதும் மறுபடியும் பால்வாளி தூக்கும்.

“தூங்குமூஞ்சிப் பள்ளிக்கூடம்தானே” என்றேன்.

“தூங்கினாலும் பள்ளிக்கூடம். நீங்க போங்க. மாசம் ஒருக்கா வாங்க. நானும் புள்ளையும் இங்க இருக்கோம்.”

கோபம் வந்தது. என் கல்யாணம், என் கணக்கு, என் வேலை! இவ யாரு சொல்றதுக்கு? கத்தியும்விட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே இருந்தாள்.

ஜூலை 4

போகலாம். சாஆவில் தனி வீட்டில் தனியாகச் சமைத்து, தனியாக ‘அவர்கள்’ என்று என்னை நானே கூப்பிட்டுக்கொள்ளலாம்.

முடியாது. அவர்களை விட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்காது. அதை எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

ஜூலை 6

பதினைந்தாவது விண்ணப்பம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது. “அடியேனுக்குக் குடும்ப அசௌகரியம் நேர்ந்தபடியால், என்னைக் காட்டிலும் தகுதியுள்ள ஸ்ரீ மனோகரன் அவர்களைத் தங்கள் சமூகத்திற்கு…” இங்கிலீஷ் ஞானம், சிங்கப்பூர்ப் படிப்பு, நல்லொழுக்கம். குடிப்பதில்லை என்று மட்டும் எழுதவில்லை, பொய் சொல்லக்கூடாது பாருங்கள்.

மனோகரன் படித்துப் பார்த்து, “இதெல்லாம் நானா?” என்று கண்கலங்கினார். தனி வீடு, பக்கத்திலே டவுன் என்றேன். மச்சானிடம் சொல்லவேண்டாம் என்று அவரே சொன்னார்.

ஆகஸ்டு 1

மனோகரன் சாஆவிலிருந்து வந்த சம்மதக் கடிதத்தோடு விடியுமுன் லாரி ஏறிப் போய்விட்டார். டை கட்டிக்கொண்டு.

ஆகஸ்டு 3

ஜெயபாலன் லயத்துக்கே வந்தார்! நம் வாசலில் நின்றார். அடுத்த மாதம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார், வாத்தியார் இல்லை. மச்சான் சொல்லாமல் ஓடிவிட்டான் என்று துரையிடம் சொன்னால் சிபாரிசு செய்த இவர் வேலைக்கே ஆபத்து.

“லெட்சுமணா… வாங்களேன், கொஞ்சம் பேசுவோம்” என்றார். பாதி ‘நீ’, பாதி ‘நீங்க.’

ஏற்பாடு இது. காலையில் புல். மத்தியானம் பள்ளி. செக்ரோலில் நான் லெட்சுமணன், புல்வெட்டு. பள்ளிப் புத்தகத்தில் நான் மனோகரன், ஆசிரியர். அந்தச் சம்பளத்தில் அவருக்கும் பங்கு, அது சொல்லாமலே தெரிகிறது. துரை கொட்டகைப் பக்கம் வருவதில்லை, வந்தாலும் அவருக்கு எல்லாக் கறுப்பு முகமும் ஒன்றுதான்.

பேர் வேண்டும் என்றுதான் மூன்று வருஷம் அலைந்தேன். வேலை கிடைத்தது, பேரை அடுத்தவனுக்கு நானே எழுதிக் கொடுத்து சாஆவுக்கு அனுப்பிவிட்டேன். சரி என்றேன். உடனே சொல்லவில்லை, ஜெயபாலனைக் கொஞ்சம் நிற்கவைத்துவிட்டுச் சொன்னேன்.

ஆகஸ்டு 6

பத்துப் பேரும் வந்தார்கள். மீசைக்கார ஆறு வயதுக்காரனும் வந்து கடைசியில் உட்கார்ந்தான். அழுத்தி எழுதியதில் சாக்குக்கட்டி இரண்டாக உடைந்தது. மூன்று வருஷம்!

செப்டம்பர் 24

இன்ஸ்பெக்டர் வந்தார். நம்மவர், தலைப்பாகை, மூக்குக்கண்ணாடி. ஜெயபாலன் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்றார்.

“நீர்தான் மனோகரனா?”

“ஆமாம் சார்.”

வாசிக்கச் சொன்னார், வாசித்தார்கள். வாய்ப்பாடு கேட்டார், சொன்னார்கள். ஏழாம் வாய்ப்பாட்டில் இரண்டு பேர் தடுமாறினார்கள், அவரும் ஒரு தடவை தடுமாறினார். எல்லாம் முடிந்து எழுந்தவர், போகிற போக்கில் வெள்ளையம்மாவின் கன்னத்தைத் தட்டினார்.

“உங்க வாத்தியார் பேரு என்ன பாப்பா?”

வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தோம், பொய் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம். தினம் காலையில் பெரட்டில் லெட்சுமணன், லெட்சுமணன் என்று கூப்பிடுவதை இந்தப் பத்துப் பேரும் கேட்டுக்கொண்டுதானே எழுந்திருக்கிறார்கள்! ஜெயபாலன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளையம்மா எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

“சொல்லக்கூடாதுங்க சார்.”

“ஏன்?”

“பெரியவங்க பேரைச் சொன்னா மரியாதை இல்லீங்க.”

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். உட்கார்ந்து புத்தகத்தில் எழுதினார்: “மாணவர் ஒழுக்கம் மிகத் திருப்தி. ஆசிரியர் மனோகரன் அவர்களின் உழைப்புப் பாராட்டத்தக்கது.” ஜெயபாலன் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். சாஆவில் இருக்கிற மனோகரனுக்கு இது தெரிந்தால் மறுபடியும் கண்கலங்குவார்.

சாயங்காலம் அங்கம்மாவிடம் சொன்னேன். அவள் மகளைப் பிடித்து உட்காரவைத்து, “ஏண்டி, அவ்வளவு பெரிய மனுசன் கேக்கிறாரு, பேரைச் சொல்லாம விட்டியே, பயமா இல்லையா?” என்றாள்.

“அப்பா பேரை யாராச்சும் சொல்வாங்களா?” என்று கேட்டுவிட்டு, வெள்ளையம்மா தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

கை கழுவுகிற மாதிரி பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன், சத்தமில்லாமல், வெட்கமில்லாமல். உள்ளேயிருந்து அங்கம்மா குழம்பு ஆறுகிறது என்று கூப்பிட்டாள்.

நாளை ஐந்து மணிக்குப் பெரட்டு. இரண்டு மணிக்கு எட்டாம் வாய்ப்பாடு.